குரல்களுக்கு முன்னால் வந்த மறதி

பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கேஎல் சென்ட்ரலில் இறங்கி, துன் சம்பந்தன் சாலை வழியாக நடந்துதான் இந்த அரங்கத்துக்கு வந்தேன். பூக்கடைகளைத் தாண்டும்போது கால் தானாக நின்றது. நான் வளர்ந்த இடம் இது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ரயில்வே குவாட்டர்ஸில் வீடு. எனக்கு மூன்று வயது இளையவன் என் தம்பி. இன்றைய பேச்சு அவனிடமிருந்துதான் தொடங்குகிறது. அவனிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

அப்போது அவனுக்குப் பதினேழு வயது, ஐந்தாம் படிவம். அம்மா கடைக்கு அனுப்புவார். ஒரு கிலோ சீனி, கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு டின் பால். அரை மணி நேரம் கழித்துச் சீனியோடு மட்டும் வருவான். "மத்ததெல்லாம் எங்கடா?" என்றால் முழிப்பான். "சொன்னீங்களாம்மா?" என்று நிஜமாகவே கேட்பான். கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் ஆசிரியர் அழித்துவிடுகிறார் என்பான். அதற்கு முந்திய ஆண்டு வரை வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவனாக இருந்த பிள்ளை அவன். அப்பா அவனைச் சோம்பேறி என்றார். நான் திமிர் என்றேன். அம்மா மட்டும், "இவன் முகமே சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்றான். வீடு பயந்தது அப்போதுதான். கோயிலுக்குப் போனோம், கயிறு கட்டினோம். கிள்ளானில் ஒருவர் காத்து கறுப்பு பார்ப்பார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனோம். மருத்துவமனைக்குக் கடைசியில்தான் போனோம்.

குரல்கள் நோய் என்று ஒப்புக்கொள்ள எங்களுக்கு ஓராண்டு ஆனது. அந்த மறதியும் அதே நோய்தான் என்று எனக்குப் புரிய இன்னும் பல ஆண்டு ஆனது. அதுவும் நான் ஆக்குபேஷனல் தெரபி படித்து, மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு. முப்பது ஆண்டு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். தம்பியை அந்த ஒன்றரை ஆண்டில் ஏசிய ஏச்சு இன்னும் எனக்குள் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

இல்லாத குரல் கேட்பது, இல்லாத சதியை நம்புவது, பேச்சு கோவையற்றுப் போவது, இவற்றை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்பார்கள். நாம் மனப்பிறழ்வு என்று சொல்லலாம். அதிலே நாள்பட்டு நிற்கும் ஒரு வகைதான் மனச்சிதைவு, ஸ்கிசோஃப்ரீனியா. ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது அது வரக்கூடும். பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் பெரும்பாலும் தலைகாட்டும். எஸ்பிஎம் தேர்வு எழுதும் வயது, முதல் வேலைக்குப் போகும் வயது. 'மனச்சிதைவு' என்ற தமிழ்ச் சொல்லே எனக்கு உடன்பாடில்லை. சிதைந்துவிட்டது என்று ஒரு தாயிடம் சொன்ன பிறகு அவருக்கு என்ன நம்பிக்கை மிச்சம் இருக்கும்? ஜப்பானியர்களும் இதே போல 'மனப் பிளவு' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002-இல் அதை மாற்றினார்கள். நம் தமிழறிஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மறதி ஏன் இத்தனை காலம் கண்ணில் படாமல் போனது? இந்த நோயைத் தனியே பிரித்து விவரித்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேபலின், நோயாளிகளின் ஞாபகசக்தி பெரிதாகக் கெடுவதில்லை என்று கருதினார். ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை 1908-இல் தந்த யூஜென் பிளாய்லரும் அப்படியே நினைத்தார். பாடநூல்கள் அதையே பல பத்தாண்டு சொல்லி வந்தன. நோயாளியோடு உட்கார்ந்து பேசினால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். சின்ன வயதில் நடந்ததைச் சொல்வார், பழைய பாட்டை அடி பிசகாமல் பாடுவார். காலையில் தாதி சொன்னதைக் கேட்டால்தான் தடுமாறுவார். 1990-இல் மெக்கென்னா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் முறையாகச் சோதித்து, பலருக்கு இருக்கும் ஞாபகக் குறை சாதாரணமானதல்ல, மூளையில் அடிபட்டவர்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு ஆழமானது என்று எழுதினார்கள்.

உடனே எல்லாரும் கேட்ட கேள்வி, "மாத்திரையால்தானே இந்த மறதி?" இன்றைக்கும் ஒவ்வொரு குடும்பமும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். 1994-இல் அமெரிக்காவில் சேகினும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு விடை தேடினார்கள். நோய் முதல்முறையாக வந்து, ஒரு மாத்திரைகூட இன்னும் சாப்பிடாத 37 பேரைச் சோதித்தார்கள். மறதி அங்கேயும் இருந்தது. குறிப்பாக, காதால் கேட்ட சொற்களைக் கற்று நினைவில் வைப்பதில். 2009-இல் வேறு ஆய்வாளர்கள், முதல்முறை நோய்வாய்ப்பட்டவர்களைப் பற்றிய 47 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். சோதித்த திறன்களில் மிக அதிகமாக அடிவாங்கியவை இரண்டு. ஒன்று, சொன்னதை உடனே திருப்பிச் சொல்லும் ஞாபகம். இன்னொன்று, மூளை வேலை செய்யும் வேகம். நோய் இல்லாத நூறு பேரை, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் திறமைப்படி வரிசையில் நிறுத்தினால், இந்த நோய் புதிதாக வந்த ஒரு சராசரி இளைஞர் கீழிருந்து பன்னிரண்டாவது ஆளுக்குப் பக்கத்தில் நிற்பார்.

என் தம்பியின் கரும்பலகையும் சீனியும் இதுதான்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைச் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து சோதித்து வருகிறார்கள். பிற்காலத்தில் மனச்சிதைவுக்கு ஆளானவர்களின் ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான சோதனைகளைத் திரும்பிப் பார்த்தபோது, வேகத்திலும் கவனத்திலும், கேட்டதைக் கொஞ்ச நேரம் மனத்தில் வைத்து வேலை செய்யும் செயல்நினைவிலும் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட மெதுவாக வளர்ந்திருந்தது தெரிந்தது. குரலுக்குப் பல ஆண்டு முன்பே இது தொடங்கியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் மறதி உள்ள பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் வரும் என்று யாரும் பயந்துவிடாதீர்கள். மறதிக்கு நூறு காரணம் உண்டு. தூக்கமின்மை, மனச்சோர்வு, சியாபு போன்ற போதைப் பொருள், எதுவும் இருக்கலாம். நன்றாக இருந்த பிள்ளை ஓராண்டுக்குள் மாறிப்போய், தூக்கம் கெட்டு, நண்பர்களை விட்டு ஒதுங்கி, கூடவே மறக்கவும் தொடங்கினால், அப்போதுதான் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இது எந்த மாதிரி மறதி என்று புரிந்துகொள்வது முக்கியம். நான் வழக்கமாகச் செய்யும் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பன்னிரண்டு சொற்களை மெதுவாகப் படிப்பேன். மாங்காய், சுத்தியல், மல்லிகை, ரம்புத்தான், ரம்பம், ரோஜா, இப்படிப் பழமும் கருவியும் பூவும் கலந்து வரும். நோய் இல்லாத ஒருவர் திருப்பிச் சொல்லும்போது, தாம் செய்வது தமக்கே தெரியாமல் பழங்களை ஒன்றாகவும் பூக்களை ஒன்றாகவும் கட்டிச் சொல்வார். கேட்கும்போதே மூளை அடுக்கிவிடுகிறது. நோய் வந்த இளைஞர் பெரும்பாலும் அப்படி அடுக்குவதில்லை. கடைசியாகக் காதில் விழுந்த இரண்டு மூன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவார். அவரிடம், "இதில் நாலு பழம், நாலு கருவி, நாலு பூ இருக்கு. இப்பக் கேளுங்க" என்று முன்கூட்டியே சொல்லிப் படித்தால், பலர் இன்னும் சில சொற்களைப் பிடித்துவிடுவார்கள். இதை முதல்முறை பார்த்த ஒரு தகப்பனார் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப இவனால முடியுதே!" என்றார். ஆமாம், முடிகிறது. பெட்டி ஓட்டையில்லை. உள்ளே வைக்கும்போது அடுக்கி வைக்கத்தான் கை ஓடவில்லை.

முதியவர்களுக்கு வரும் அல்சைமர் நோய்க்கும் இதற்கும் இங்கேதான் வேறுபாடு. அங்கே உள்ளே போனதும் வேகமாக அழிந்துவிடும். இங்கே உள்ளே போவதுதான் சிரமம். ஒழுங்காகப் போனால் பெரும்பாலும் நிற்கும். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும், எதை எப்படி அடுக்குவது என்று தீர்மானிக்கும் நெற்றிப் பக்கத்து மூளையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அந்த இரண்டின் கூட்டுதான் இந்த நோயில் குலைகிறது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. முதல்முறை நோய் வந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளை 2014-இல் போராவும் மரேயும் தொகுத்துப் பார்த்தார்கள். நோய் தொடங்கிய பிறகு இந்த ஞாபகக் குறை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகவில்லை. "வயசாக வயசாக எல்லாத்தையும் மறந்துடுவானா?" என்று அழும் அம்மாக்களிடம் நான் இந்த முடிவைத்தான் சொல்வேன்.

சோதனையைப் பற்றிப் பேசும்போது மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்வது ஒரு பழைய சோதனை. வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிட இதில் குறைவாக மதிப்பெண் எடுத்ததற்கு, வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிப்பதே காரணம் என்று 1980-இல் எல்லிஸ், ஹென்னெல்லி என்ற இருவர் காட்டினார்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், பிறகு சீனத்தில் சொல்லக் கேளுங்கள். நம் எண்கள் நீளம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி, தொலைபேசி எண்ணை ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளை நம் பிள்ளை. அவனை எந்த மொழியில் சோதிப்பது? சோதிப்பவர் அதை முதலில் கேட்க வேண்டும். வீட்டில் புழங்கும் மொழியில் சோதிக்காவிட்டால், மொழியின் சிரமத்தை நோயின் சிரமமாக எழுதிவிடுவோம். தமிழில் சோதிக்கத் தெரிந்த இளைய உளவியலாளர்கள் இந்த நாட்டுக்கு இன்னும் நிறையப் பேர் வேண்டும். இந்த அரங்கத்தில் மாணவர்கள் இருக்கிறீர்கள், உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இனி ஒரு இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். வீடு இங்கே, வேலை கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் ஒரு மாலைக் கடையில். தினமும் கம்யூட்டர் ரயிலில் போவார். குரல்கள் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது, மாத்திரை ஒழுங்கு, மருத்துவருக்குத் திருப்தி. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் கிள்ளானில் இறங்க மறந்து பெலாபுவான் கிள்ளான் வரை போய்விடுவார். ரயில் அதற்கு மேல் போகாது என்பதால் அங்கே இறங்குவார். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனாலும், "பையன் தங்கம், சொன்னது நிக்க மாட்டேங்குதே" என்றார். கல்யாண மாலை ரெண்டு, சடைக்கு ஒன்று, மேசைக்கு ஆறு முழம் என்று வாடிக்கையாளர் ஒரே மூச்சில் சொன்னால் இவருக்குப் பாதி போய்விடும்.

பின்னால் செய்ய வேண்டியதை நேரம் வரும்போது நினைவுக்குக் கொண்டுவருவதும் ஒரு ஞாபகம்தான், அதுவும் இந்த நோயில் அடிவாங்குகிறது. நாங்கள் செய்தது சின்ன வேலை. "கிள்ளானில் இறங்கணும்" என்று நினைத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. "புக்கிட் பாடாக் ஸ்டேஷன் பெயர்ப் பலகை தெரிந்ததும் எழுந்து கதவுப் பக்கம் நில்லுங்க" என்று அந்த ஒரு பலகையோடு ஒரு செயலைக் கட்டினோம். மூன்று நாள் நானே கூட உட்கார்ந்து போனேன். கடையில், வாய்வழி ஆர்டர் எடுப்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் பில் புத்தகத்தில் எழுதி அவர் கையில் கொடுக்கச் சொன்னோம். ஒரு மாலை முடித்து, அதை அடித்துவிட்டு, பிறகு அடுத்தது. முதலாளிக்கு இதனால் ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. மற்ற வேலையாட்களுக்கும் தவறு குறைந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

வேலை கிடைப்பதையும் நிலைப்பதையும் குரல்களைவிட இந்த ஞாபகமும் கவனமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. மைக்கேல் கிரீன் 1996-இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இதை வலுவாகச் சொன்னது. முப்பது ஆண்டில் நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். நம் மருத்துவமனைகளிலோ, "குரல் கேட்குதா?" என்று கேட்பார்கள், "இல்லை" என்றால் அடுத்த தேதி கொடுத்துவிடுவார்கள். ஞாபகம் எப்படி என்று கேட்க நேரம் இருப்பதில்லை. கூட்டம் அப்படி.

மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. மனப்பிறழ்வுக்கான மாத்திரைகள் குரல்களை அடக்குகின்றன, ஞாபகத்தைப் பெரிதாகத் திருத்துவதில்லை. ஆனால் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்தால் கை நடுங்கினால், உடம்பு விறைத்தால், அதற்குப் பென்ஸ்ஹெக்சால் என்று சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று தருவார்கள். அது ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து, மறதியைக் கூட்டும். சிலருக்கு அது நிச்சயம் தேவை. சிலர் தேவை தீர்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். "இன்னும் இது வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஞாபகத்துக்கென்றே மாத்திரை வருமா என்று பலர் கேட்கிறார்கள். மிகவும் எதிர்பார்த்த ஐக்லெபெர்ட்டின் என்ற மருந்து, கடைசிக் கட்டப் பரிசோதனைகளில் பலன் தரவில்லை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அன்றைக்கு எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போதைக்குக் கையில் இருப்பது பயிற்சி. லண்டனில் டில் வைக்ஸும் அவருடைய குழுவும் 40 ஆய்வுகளை 2011-இல் தொகுத்தபோது, அறிவாற்றல் பயிற்சி மிதமான முன்னேற்றம் தருவது உறுதியானது. ஒரு நிபந்தனையும் தெரிந்தது. கணினி முன் விளையாட்டு விளையாடினால் மட்டும் போதாது. வேலைப் பயிற்சி, சமையல், கடைக்குப் போவது என்று வாழ்க்கையோடு சேர்த்துச் செய்தால்தான் அன்றாடத்தில் பலன் தெரிகிறது. உடற்பயிற்சியும் ஓரளவு உதவுகிறது. நம் சுகாதார அமைச்சு 'மெந்தாரி' என்ற பெயரில் சமூக மனநல மையங்களை நடத்துகிறது. மலாயில் மெந்தாரி என்றால் சூரியன். வேலை தேடித் தந்து, வேலையிடத்திலும் கூடவே நின்று உதவும் திட்டம் அங்கே இருக்கிறது. நம் குடும்பங்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியாமல் போவதற்குக் காரணம் பயம். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய ஊர் இது. 1911-இல் பேராக்கில் அந்த மருத்துவமனை திறந்த நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா, மகிழ்ச்சி என்று பொருள். வசவு மட்டும் மாறவில்லை. இந்த நாட்டில் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்று 2003-இல் தொடங்கிய தேசியப் பதிவேடு சொல்கிறது, நோய் தொடங்கியதிலிருந்து முதல் சிகிச்சை வரை சராசரியாக இரண்டு ஆண்டுக்கும் மேல் போய்விடுகிறது. பக்கத்தில் சிங்கப்பூர் 2001-லேயே ஆரம்ப நிலை நோயாளிகளுக்கென்று தனித் திட்டம் தொடங்கி, பள்ளிகளோடும் மக்களோடும் பேசத் தொடங்கிவிட்டது. நம்மால் முடியாதது அதில் எதுவும் இல்லை.

முடியும் என்பதற்கு நம் மொழி பேசும் சென்னையே சாட்சி. 1981-இல் முதல்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரைச் சேர்த்துத் தொடங்கிய சென்னை ஆய்வை டாக்டர் ஆர். தாராவும் அவருடன் இருந்தவர்களும் இருபது ஆண்டுக்கும் மேல் தொடர்ந்தார்கள். வீடு வீடாகத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அந்த 90 பேரில் பலர் வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்தார்கள், குடும்பம் நடத்தினார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியபோது, சிகிச்சை மருத்துவமனைச் சுவருக்குள் முடிவதில்லை, குடும்பத்தோடும் வேலையோடும் சேர்ந்தது என்ற பாடத்தைத்தான் நிறுவனமாக்கினார். அங்கே பயிற்சிக்குப் போனபோது நான் அதிகம் பார்த்தது தாய்மார்களை. மாத்திரைப் பெட்டியில் கிழமைப் பெயரை அவர்களே தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

என் தம்பிக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கிடங்கில் சாமான் அடுக்கும் வேலை, பதினொரு ஆண்டாக ஒரே இடம். சட்டைப் பையில் சின்ன நோட்டுப் புத்தகம் இல்லாமல் வெளியே போகமாட்டான். அம்மா காலமாவதற்கு முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவனுக்கு எதற்கென்று புரியவில்லை, "நீங்க என்னை ஏசவே இல்லையேம்மா" என்றான். நானும் அப்பாவும் ஏசியதும் அவனுக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

இங்கே வந்திருப்பவர்களில் சிலருடைய வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, மாத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். "இவனோட ஞாபகத்தையும் கவனத்தையும் ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க, ஆக்குபேஷனல் தெரபிக்கு அனுப்புங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த முறையும் கேளுங்கள். அதுவரை வீட்டில் கடைக்கு அனுப்பும்போது வேண்டியதை ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுங்கள்.